மதிலில் விட்ட ஓட்டை

நாலு பக்கமும் கடலை வைத்துக்கொண்டு வெள்ளத்துக்குப் பயப்படுகிறார்களே என்பது ஒன்பது வயதில் எனக்கிருந்த பெரிய குழப்பம். தண்ணீருக்குப் போக இடமா இல்லை? எந்தப் பக்கம் ஓடினாலும் கடலில்தானே போய் விழவேண்டும்? அம்மாவிடம் கேட்டேன். அம்மா காலையிலிருந்து காணாமல் போயிருந்த அம்மிக்குழவியைத் தேடிக்கொண்டிருந்தார். "இப்ப உனக்கு இதுதான் தேவையோ?" என்றார். குழவி எங்கே இருக்கிறதென்று எனக்குத் தெரியும். அதனால்தான் வெள்ளத்தைப் பற்றிக் கேட்டேன்.

முதலில் மதிலைப் பற்றிச் சொல்லவேண்டும். வேலணைத் தீவில் எங்கள் வீட்டு வளவும் பெரியப்பாவின் வளவும் ஒட்டிக் கிடந்தவை. நடுவில் பனையோலை வேலி. ஒவ்வொரு ஆண்டும் புது ஓலை வைத்து அடைக்கும்போது, வேலி தன் பக்கம் நகர்ந்துவிட்டதென்று அப்பாவும் பெரியப்பாவும் சண்டை பிடிப்பார்கள். ஒரே வேலி எப்படி இரண்டு பேர் பக்கமும் நகரும் என்பது எனக்கு விளங்கியதேயில்லை. கடைசியில் அப்பா சீமேந்துக் கல்லால் மதில் கட்டினார். அன்றோடு அண்ணன் தம்பி பேச்சு நின்றுபோனது.

ஓலைவேலி இருந்த காலத்தில் மாரித் தண்ணீர் அதன் கீழால் தன்பாட்டில் போய்க்கொண்டிருந்தது. பெரியப்பாவின் வளவுக்கு மற்றப் பக்கமெல்லாம் மேடு; ஆகவே அங்கிருந்து எங்கள் வளவுக்கு வந்து, வாசலிலுள்ள குறுகிய ஒழுங்கையைக் கடந்து, வெள்ளவாய்க்காலில் இறங்கிக் கடலுக்குப் போய்விடும். அந்த வழிக்கு நேரே மதிலின் அடியில் ஒரு ஓட்டை விடத்தான் வேண்டும் என்று மேசன் பிடிவாதமாய் நின்றார். அப்பா அரைமனதோடு சம்மதித்தார். ஒரு கோழி தாராளமாய் நுழைந்து வரக்கூடிய ஓட்டை அது.

எனக்குப் பெரியப்பா வீட்டு வாசலும் அதுதான். படலைக் கதவால் போகத் தடை. ஆகவே குப்புறப் படுத்து ஓட்டைக்குள்ளால் பார்ப்பேன். பெரியப்பாவின் மகள், நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீடு வந்திருந்தார். குழந்தை பிறந்து இருபது நாள். அதன் முகத்தை நான் கண்டதில்லை. கொடியில் காய்ந்த அதன் குட்டிச் சட்டைகளைத்தான் கண்டிருந்தேன். இடைக்கிடை அக்கா வந்து குந்தியிருந்து ஓட்டைக்குள்ளால் ஒரு விசுக்கோத்து நீட்டுவார்.

அப்படிப்பட்ட ஓட்டையை நானே அடைத்தது கிணற்றுக்காக. எங்கள் பக்கத்தில் முக்கால்வாசிக் கிணறுகள் உவர். எங்களுடையது நல்லதண்ணீர்க் கிணறு, அதில் அப்பாவுக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட உண்டு. மழை தொடங்கி இரண்டாம் நாள் அவர் அம்மாவிடம், "அங்கால ஆட்டுப் புழுக்கை எல்லாம் அள்ளிக்கொண்டு வருது. கிணத்துக்கை போனால் எங்கட குடிதண்ணி துலைஞ்சுது. இந்த ஓட்டையை விட்டிருக்கவே கூடாது" என்று புறுபுறுத்தது என் காதில் விழுந்தது.

பெரியவர்கள் கவலைப்பட்டால் உடனே உதவி செய்யக் கிளம்பிவிடுகிற பிள்ளை நான். அடுத்தநாள் விடிந்ததும், போன ஆண்டுச் சிவப்புப் பள்ளிக்கூடப் பைக்குள் தேங்காய் உரித்த பொச்சுகளைத் திணித்து, ஓட்டைக்குள் வைத்து உதைத்து இறுக்கினேன். தண்ணீர் தள்ளிவிடாதபடி குசினியிலிருந்து குழவியை உருட்டிவந்து முட்டுக்கொடுத்தேன். மிஞ்சிக் கிடந்த சீமேந்துக் கற்களையும் அடுக்கினேன். ஒரு சொட்டுக் கசியவில்லை. நானாகச் சொல்லக்கூடாது, அப்பாவே கண்டு மெச்சட்டும் என்று காத்திருந்தேன்.

அன்று வானம் மூச்சுவிடாமல் ஊற்றியது. வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் என்று வானொலி சொன்னது. எங்கள் ஊரில் ஒரு முழம் தோண்டினால் கல். அதன் மேல் கிடக்கிற கொஞ்ச மண்ணும் இரண்டு நாள் மழையில் ஊறி நிரம்பியிருந்தது. போதாததற்குக் காற்று கடலை ஏற்றிவைத்திருந்ததால், வாய்க்கால் தண்ணீர் வடிய வழியில்லாமல் திரும்பி வந்துகொண்டிருந்தது. இதெல்லாம் பிறகு அறிந்துகொண்டவை. அப்போது நான் கண்டது எங்கள் முற்றத்தில் கணுக்காலளவு கலங்கல் தண்ணீரைத்தான். அதற்கு மேல் ஏறவில்லை. என் அடைப்பு நன்றாக வேலை செய்கிறதென்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பத்து மணிபோலப் பெரியப்பா எங்கள் படலையில் வந்து நின்றார். மதில் கட்டியபிறகு அவர் எங்கள் வளவுக்குள் வந்தது அதுதான் முதல்தடவை. நெஞ்சுவரை நனைந்திருந்தார்.

"டேய், ஓட்டை அடைச்சுக் கிடக்குது. ஒரு மணித்தியாலத்திலை வீட்டுக்கை இடுப்பளவு வந்திட்டுது. அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மேசையிலை ஏறி நிக்கிறாள். வாசலாலை கொண்டுவர ஏலாது, தண்ணி ஆளை இழுக்குது. நானே மதிலைப் பிடிச்சுப் பிடிச்சுத்தான் வந்தனான்."

அப்பா மதிலைத் திரும்பிப் பார்த்தார். நானும் பார்த்தேன். அது எங்கள் பக்கம் வயிறு தள்ளி நின்றது. கல்லுக்குக் கல் இடுக்கால் தண்ணீர் வடிந்தது.

"ஒரேயடியாய் விழுந்தால் உன்ர குசினியும் போயிடும்" என்றார் பெரியப்பா.

அம்மா என்னை இழுத்துக்கொண்டு ஒழுங்கைப் பக்க விறாந்தைக்கு ஓடினார். அப்பா இரும்பு அலவாங்கை எடுத்து, மதிலின் ஒரு மூலையில் மேல்வரிசைக் கற்களிலிருந்து உடைக்கத் தொடங்கினார். பெரியப்பா கழன்ற கற்களைத் தூக்கி எறிந்தார். தண்ணீர் அந்த வெட்டால் விழுந்து எங்கள் முற்றத்தில் ஏறியது. எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. தண்ணீர் வரக்கூடாது என்று சொன்னவர்தானே இந்த அப்பா? ஆசையாய்க் கட்டிய மதிலை அவரே ஏன் உடைக்கிறார்? எனக்கு அழுகை வந்தது. யாருக்காக அழுகிறேன் என்றுகூடத் தெரியவில்லை.

பாரம் சற்றுக் குறைந்ததும் அப்பா ஓட்டையடியில் குனிந்து, தண்ணீருக்குள் கையை விட்டுக் கற்களைப் புரட்டினார். பிறகு குழவியைப் புரட்டினார். அடைப்புப் பிய்த்துக்கொண்டு வந்த வேகத்தில் தண்ணீர் அவரை விழுத்தி, உருட்டிக்கொண்டு போய்க் கிணற்றுக்கட்டில் மோதவிட்டது. எழும்பியபோது அவருடைய கையில் சிவப்புப் பை இருந்தது. அதில் நீல மையால் என் பெயர் எழுதியிருந்தது. அப்பா அதைப் பார்த்தார். பெரியப்பா கிட்ட வருமுன் காலடியில் போட்டுச் சேற்றுக்குள் மிதித்துவிட்டார்.

"ஆரடா இதை அடைச்சது?"

"நான்தான் அண்ணை."

"பச்சைப்பிள்ளை கிடக்கிற வீடெண்டு தெரிஞ்சும் அடைச்சனியே? நீ மனிசனே?"

அப்பா முழங்கையில் இரத்தம் வழிய, தலையைக் குனிந்துகொண்டு நின்றார். நான் வாயைத் திறந்தேன். அம்மாவின் கை என் தோளை இறுக்கிப் பிடித்தது. புரண்டு கிடந்த குழவியை அவரும் கண்டிருந்தார்.

தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியபிறகு, பெரியப்பா குழந்தையைப் பொங்கல் வைக்கும் பெரிய கிடாரத்துக்குள் துணிபோட்டுக் கிடத்தி, தலையில் சுமந்துகொண்டு மதில் உடைந்த இடத்தால் எங்கள் வளவுக்குள் வந்தார். அக்கா அவரைப் பிடித்தபடி பின்னால் வந்தார். எல்லோருமாக மேட்டிலிருந்த பள்ளிக்கூடத்துக்குப் போனோம். அங்கே கிடாரத்தை இறக்கியபோதுதான் அதன் முகத்தைக் கண்டேன். நல்ல நித்திரை.

சேர்ந்து மதிலை உடைத்தவர்கள் இனிக் கதைத்துக்கொள்வார்கள் என்று நினைத்தேன். நடக்கவில்லை. வேலிச் சண்டையில் இரண்டு பேருக்கும் பங்கிருந்தது. இந்தக் கோபம் முழுக்க அப்பாவின் தலையில் விழுந்தது. பெரியப்பா கண்மூடும்வரை அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. செத்த வீட்டில் அப்பா கடைசி ஆளாய்ப் போய், படலையோடு நின்றுவிட்டுத் திரும்பினார். மதிலில் உடைத்த இடத்தை அவர் பிறகு கட்டவேயில்லை.

ஆனால் அன்று பின்னேரம் பள்ளிக்கூட விறாந்தையில் எனக்கிருந்த கவலை வேறு. அவ்வளவு பாடுபட்டு நான் செய்த வேலையை அப்பா தான் செய்ததாகச் சொல்லிவிட்டாரே! ஆத்திரம் அடங்காமல் அவரிடம் போய்க் கேட்டேன்.

"அது நான் அடைச்சது. நீங்கள் ஏன் நீங்களெண்டு சொன்னனீங்கள்?"

அப்பா கட்டுப்போட்ட கையால் என்னை இழுத்துப் பக்கத்தில் இருத்திக்கொண்டார். சுற்றிலும் ஒருமுறை பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"ஓம் பிள்ளை. நல்ல வடிவாய்த்தான் அடைச்சிருந்தனி. ஆனால் அது எனக்கும் உனக்கும் மட்டும் தெரிஞ்சால் போதும், என்ன?"

கடைசியில் அப்பா என்னை மெச்சிவிட்டார். அந்தச் சந்தோசத்தில் அவருடைய மடியிலேயே நித்திரையாகிப் போனேன்.