ஒரு குடத்தை நகர்த்தினால் போதும்

ராயபுரத்தில் எங்கள் சந்துக்கு இரண்டாவது குழாய் வேண்டும். நான் கவுன்சிலரான நாளிலிருந்து கேட்கிறேன். இன்று காலைதான் இன்ஜினியர் பார்க்க வந்தார்.

குழாயடியில் குடங்கள் மட்டும் வரிசையாக நின்றன.

"ஒரு ஆளைக்கூடக் காணோம். இன்னொரு குழாய் எதற்கு?" என்றார்.

தண்ணீர் வரும்வரை எங்களுக்குப் பதில் குடம்தான் வரிசையில் நிற்கும். அது அவருக்குத் தெரியாது.

"அந்த முதல் குடத்தைக் கொஞ்சம் நகர்த்துங்கள் ஸார்," என்றேன்.

நகர்த்தினார். சந்தில் இருந்த அத்தனை கதவும் திறந்தது.

"யார்யா அது, எங்கொடத்த நவுத்தினது? வெடிகாலைல வெச்சிட்டுப் போனேன்!"

"தொர மாரி வந்துட்டு, கொடத்துல கை வெக்கிறியா நைனா?"

சுற்றி நின்ற பெண்களுக்கு நடுவிலேயே, இரண்டாவது குழாய் அவசியம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார் இன்ஜினியர்.

உங்கள் தெருவிலும் குடங்கள் நிற்கின்றனவா? சொல்லுங்கள். நகர்த்த ஒருவரை அழைத்து வருகிறேன்.