செல்லக்கிளி ஊற்றிய துளசித் தண்ணீர்

மல்லாங்கிணற்றுக்குப் பக்கத்து ஊரில் யாருக்காவது உயிர் இழுத்துக்கொண்டு கிடந்தால் செல்லக்கிளிக்குத்தான் ஆள் வரும். வாசலில் வளர்த்த துளசியில் நாலு இலை கிள்ளி, சொம்புத் தண்ணீரில் போட்டு எடுத்துப் போவாள். அவள் கையால் ஊற்றினால் சிரமமில்லாமல் உயிர் அடங்கிவிடும் என்று ஊரில் பேச்சு. அதனாலேயே பிள்ளைகளின் சளி இருமலுக்கு அவள் வீட்டுத் துளசியை யாரும் கேட்பதில்லை. அருப்புக்கோட்டைத் தறிக்கூடத்தில் நூல் சுற்றும் வேலை. புருஷன் இருளப்பசாமி இறந்தபின் தனியாள்.

போன மாசியில் சங்கையாவுக்கு மூச்சு வாங்கியது. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆஸ்பத்திரியில் கைவிரித்து அனுப்பிவிட்டார்கள். செல்லக்கிளி தலையைத் தூக்கிப் பிடித்து ஊற்றினாள். ஒரு மடக்கு இறங்கியது. அடுத்த மடக்கில் கண்ணைத் திறந்து, "இன்னுங் கொஞ்சம் ஊத்து" என்றார். சில நாளில் கம்பூன்றி நடக்கவும் ஆரம்பித்தார்.

மருமகள் மாரீஸ்வரி சந்தோஷத்தில் அழுதாள். சங்கையாவோ தினமும் செல்லக்கிளி வாசலில் வந்து நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன சித்தப்பா?"

"நான் கெடக்கையில ஒம்புருசன் கால்மாட்டுல வந்து நின்னான்த்தா. தாகமா இருக்குன்னான்."

"கனாக் கண்டிருப்பீக."

"நீ ஊத்துன தண்ணி அவன் தொண்டைக்குள்ள எறங்கலையாமே?"

இருளப்பசாமிக்குக் கடைசியில் பல் கிட்டிப்போயிருந்தது. ஊற்றிய தண்ணீர் கடைவாயில் வழிந்துவிட்டது. யாரும் பார்ப்பதற்குள் செல்லக்கிளி முந்தானையால் துடைத்துவிட்டு, "குடிச்சிட்டாக" என்று வெளியே வந்து சொன்னாள். சங்கையா அன்று ஊரிலேயே இல்லை.

மறுநாள் அவள் வேலைக்குப் போகவில்லை. உச்சி வெயிலில் மயானத்துக்குப் போய், புருஷனைப் புதைத்த இடத்தில் துளசித் தண்ணீரை ஊற்றினாள். வெடித்துக் கிடந்த கரிசல் ஒரே இழுப்பில் வாங்கிக்கொண்டது. "போதுமா?" என்று கேட்டாள். சீமைக்கருவேல மரங்களில் காற்றுகூட இல்லை.

அதற்குப் பிறகு சாகக் கிடப்பவர் வீட்டுக்கு அவள் போவதில்லை. யார் வந்து கூப்பிட்டாலும் மாட்டேன் என்று தலையை ஆட்டிவிடுவாள். மாரீஸ்வரி மட்டும் ஒருநாள் கூச்சத்தோடு வந்தாள். "யக்கா, மகனுக்கு இருமல். கசாயத்துக்குக் கொஞ்சம் துளசி தாங்க." செல்லக்கிளி மடி நிறையப் பறித்துக் கொடுத்தாள்.

சனிக்கிழமை தவறாமல் துளசித் தண்ணீர்ச் சொம்போடு மயானத்துக்குப் போகிறாள். சங்கையாவும் கூட வந்து வேலியோரம் நின்றுகொள்வார்.

"இன்னைக்கு அவுக என்ன சொன்னாக?" என்று அவரிடம் கேட்பாள்.

அவர் சொம்பை வாங்கி, அடியில் தண்ணீர் மிச்சமிருக்கிறதா என்று பார்ப்பார்.