பூட்டாத முத்திரைகள்

அலுவலக முத்திரை, பொறுப்பு அலுவலரின் நேரடிக் காவலில், பூட்டிய பீரோவில் இருக்க வேண்டும். கையொப்பம் பாதி முத்திரையின் மீதும் பாதி தாளின் மீதும் விழ வேண்டும். கீழே தேதி வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் ஆவணம் செல்லாது. முப்பத்தாறு ஆண்டுகள் இந்த விதியோடு குடித்தனம் நடத்தியவன் நான். அதன்படி பார்த்தால், இப்போது நான் வசிக்கும் ஜப்பானியக் கடலோர நகரத்தின் கலங்கரை விளக்கத்தை உடனடியாகப் பணியிடை நீக்கம் செய்திருக்க வேண்டும். அதன் வாசலில், ஒரு மேசையின் மீது, உள்ளங்கை அகலத்தில் வட்ட முத்திரை ஒன்று கிடந்தது. பக்கத்திலேயே இங்க் பேடு. காவலர் இல்லை, பதிவேடு இல்லை. சங்கிலிகூட இல்லை, நம் ஊர் வங்கிகளில் பேனாவுக்கே சங்கிலி உண்டு. நான் பதறி நின்றுகொண்டிருந்தபோது ஒரு முதியவர் வந்தார், முத்திரையை எடுத்துத் தன் தாளில் அழுத்தினார், அதை வணங்காத குறையாகத் திரும்ப வைத்துவிட்டுப் போனார். யாரும் அவரைப் பிடிக்கவில்லை.

மகள் ஜெனிட்டா அன்று மாலை விளக்கினாள். அவள் இங்கே துறைமுக நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறாள். திண்டுக்கல் வீட்டைப் பூட்டிவிட்டு நானும் என் மனைவி லூர்துவும் அவளோடு வந்து தங்கியிருக்கிறோம். இதற்கு ஸ்டாம்ப் ராலி என்று பெயராம். நகரத்தில் பார்க்க வேண்டிய இடங்கள் பத்து. ஒவ்வோர் இடத்திலும் ஒரு முத்திரை. பத்தையும் ஒரே தாளில் பதித்துக் கொடுத்தால், அக்டோபரில் நடக்கும் கடல் விழாவன்று நகரத்தார், ஒரு தாளுக்கு இருவரென்று, படகில் ஏற்றிக் கடலுக்குள் கூட்டிப்போவார்கள். அந்தப் படகுக்கு வேறு வழியில் சீட்டு கிடையாது.

படகு என்றதும் லூர்து என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு ஒரு பழைய வழக்கு உண்டு. எங்களைப் போன்ற திண்டுக்கல்காரர்களுக்குக் கடல் என்பது வேளாங்கண்ணிக்குப் போனால் கால் நனைத்துவிட்டு வருவது. திருமணமான புதிதில் கன்னியாகுமரி போனோம். படகுக்கு வரிசையில் நின்று சீட்டும் வாங்கிவிட்டோம். சீட்டில் முந்தைய நாள் தேதி இருந்தது. திருத்தித் தரும்படி நான் கேட்டேன்; அவர்கள், பரவாயில்லை ஏறுங்கள் என்றார்கள்; பரவாயில்லை என்பது எந்த விதியில் இருக்கிறது என்று நான் கேட்டேன். நாங்கள் பேசி முடிப்பதற்குள் படகு போய்விட்டது. அடுத்த படகு வருவதற்குள் காற்று கிளம்பி, சேவையை நிறுத்திவிட்டார்கள். அதன்பின் லூர்து ஏறிய ஒரே படகு கொடைக்கானல் ஏரியில், பெடல் மிதித்து.

“இந்தத் தடவ நீங்க பேசாம வாங்க. சீலக் குத்துறதோட உங்க வேல முடிஞ்சுது” என்றாள்.

பேசாமல்தான் போனேன். அந்த மூன்று வாரங்களை எப்படிச் சொல்ல! ரோப்வேயில் குன்றேறினோம். கடலுக்குள் கால் வைத்து நிற்கும் சிவப்புத் தோரண வாசலைப் பார்த்தோம். பென்குவின்கள் காலைநேர ஊழியர்களைப் போலக் கைவீசாமல் வரிசையில் போவதைப் பார்த்தோம். லூர்துவுக்கு இரண்டு முழங்காலிலும் வலி. கலங்கரை விளக்கத்தின் படிகளில் பக்கவாட்டில் நண்டுபோல ஏறினாள். ராட்சத ராட்டினத்தின் உச்சியில், ஓய்வுபெற்ற கணக்கு டீச்சரான அவள், “ஏங்க, அங்க பாருங்க, கப்பலு!” என்று கத்தியதில் பெட்டியே ஆடியது. திண்டுக்கல் மலைக்கோட்டையின் ஞாபகம் வந்தது எனக்கு. நம் ஊரில் பார்வையாளர் தம் வருகையைச் சுவரிலேயே ஆணியால் பதிவுசெய்துவிட்டுப் போவார், காதலியின் பெயரோடு. இங்கே சுவர் பளிச்சென்று இருக்கிறது. வந்து போனதற்கான அத்தாட்சியை வந்தவன் சட்டைப்பையில் வைத்து எடுத்துப் போகிறான்.

தப்பு நடந்தது முதல் முத்திரையிலேயே. கை தானாகப் பேனாவைத் தேடியது. துணை வட்டாட்சியர் நிலையோடு ஓய்வு பெற்றவன் நான். பச்சை மையில் கையெழுத்திடும் தகுதிக்கு ஒரு படி கீழேயே என் பணிக்காலம் முடிந்துவிட்டது. இங்கே கேட்பார் யார்? பச்சைப் பேனா ஒன்று வாங்கினேன். பத்து முத்திரைகளிலும் பாதி மேலே பாதி வெளியே கையொப்பம், கீழே தேதி. இப்படிக் கிறங்கிப்போய் நான் எந்தக் கோப்பிலும் கையெழுத்துப் போட்டதில்லை. பத்தாவது முடிந்ததும் லூர்து, “செபமாலையில ஒரு பத்து மணி முடிச்ச மாதிரி இருக்குங்க” என்றாள்.

சுற்றுலா அலுவலகத்தின் முகப்பில் இருந்த இளம்பெண் தாளை இரு கைகளாலும் வாங்கினாள். சிரித்தாள். பிறகு சிரிப்பு மெதுவாக நின்றது. கைப்பேசி மொழிபெயர்ப்பில் காட்டினாள்: முத்திரைகளின் மேல் எழுதக் கூடாது, எழுதிய தாள் ஏற்கப்படாது. தாளின் பின்பக்கம் அச்சாகியிருந்ததாம். நான், கையொப்பம் இல்லாமல் முத்திரை எப்படிச் செல்லும் என்று தட்டிக் காட்டினேன். அவள் என்னை ஏதோ பெரிய அதிகாரி என்று எண்ணி எழுந்து குனிந்தாள். நானும் குனிந்தேன். கடைசியில் மேலிடத்தில் கேட்டுப் பரிசீலித்துப் பதில் அனுப்புவதாகச் சொன்னாள். பரிசீலனை! இந்த நாட்டுக்கு வந்து நான் முழுமையாகப் புரிந்துகொண்ட முதல் வாக்கியம் அதுதான். ஆயிரம் பேரிடம் நான் சொல்லியிருக்கிறேன்; அதற்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரியாதா?

வெளியே வந்ததும் லூர்து முழங்கால் வலியோடு எனக்கு முன்னால் நடந்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பின்னால் நடக்கையில், முன்பு நான் வேலை பார்த்த வேடசந்தூர் தாலுகா அலுவலகம் நினைவுக்கு வந்தது. நூற்பாலையில் ஷிப்டு முடித்து நேராக வந்த ஒரு பெண், மகளின் கல்லூரிச் சேர்க்கைக்கு வருமானச் சான்றிதழ் வாங்க நின்றாள். எல்லாம் சரி, முத்திரையின் கீழே தேதி இல்லை. தாசில்தார் முகாம் போயிருந்தார். “சீல் இருக்குல்ல சார். தேதிய நீங்களே போடக் கூடாதா?” என்றாள். கூடாது. நாளை வரச் சொன்னேன். வெளியே மில் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. அவள் மறுநாள் வந்தாளா என்பது எனக்கு நினைவில்லை. அந்த ஹாரன் நினைவிருக்கிறது.

திண்டுக்கல்லுக்குப் போன் செய்து, உடன் வேலை பார்த்த காதரிடம் சொன்னேன். அவர் சிரித்து முடிக்கச் செத்த நேரம் பிடித்தது. “அப்பு, கையெழுத்துப் போடாம மாட்டுனவன நம்ம டிப்பார்ட்மெண்டுல அம்புட்டுப் பேரப் பாத்துருக்கேன். போட்டு மாட்டுனவன் நீ ஒருத்தன்தான்யா. அதுவும் பச்ச மையில! சரி, நேர்காணலுக்கு எப்ப வார? நீ உசுரோட இருக்கன்னு கருவூலத்துல கையெழுத்துப் போடணும்ல?”

ஓய்வூதியர் ஆண்டுக்கொரு முறை கருவூலத்துக்குப் போய்த் தாம் உயிரோடிருப்பதை மெய்ப்பிக்க வேண்டும். கணினி வழியாகவும் செய்யலாம். கணினி சொல்லி நான் உயிரோடிருக்க விரும்பவில்லை. விமானம் அக்டோபர் பதினெட்டு, சனிக்கிழமை. கடல் விழா அதற்கு மறுநாள், ஞாயிறு. சாதகமான பதில் வந்தால் தேதியை மாற்றலாம் என்று இருந்தோம். ஒரு வாரம் போனது, மூன்று வாரம் போனது. லூர்து பெட்டிகளில் துணி அடுக்கத் தொடங்கினாள்.

வெள்ளிக்கிழமை மாலை தடித்த உறை ஒன்று வந்தது. ஜெனிட்டா நின்றபடியே வாசித்தாள். விதிப்படி என் தாளை ஏற்க இயலாதாம், வருந்துகிறார்களாம். ஆனால் நாங்கள் பத்து இடங்களுக்கும் வந்தது பச்சை மையில் தேதிவாரியாகத் தெளிவாக இருப்பதால், ஊழியர் ஒருவர் புதிய தாளோடு பத்து இடங்களுக்கும் போய் எங்களுக்காக முத்திரை பதித்து வந்திருக்கிறார். தாமதம் அதனால்தான். தேதிக்கு இடம் விடாதது தங்கள் குறை; அடுத்த ஆண்டுத் தாளில் விடுவார்கள். பழைய தாளை முகப்பில் மாட்டி வைக்க என் அனுமதி வேண்டும். கூடவே இரண்டு படகுச் சீட்டுகள், ஞாயிறு தேதியில். அந்தத் தேதியை மூன்று முறை சரிபார்த்தேன்.

“நாளைக்கு பிளைட்டுப்பா” என்றாள் ஜெனிட்டா.

லூர்து கையிலிருந்த சேலையைப் பெட்டியில் போட்டாள். “உசுரோட இருக்கேன்னு அங்க போய்க் காட்டுறது இருக்கட்டும். மொதல்ல எங்கிட்டக் காட்டுங்க. படகுல ஏறுங்க.”

நேர்காணலுக்கு மாத இறுதிவரை அவகாசம் உண்டு. அது எனக்கு முதலிலிருந்தே தெரியும், யாரும் கேட்கவில்லை. ஜெனிட்டா பயணச்சீட்டை மாற்றிக்கொண்டிருந்தாள். திறந்து கிடந்த பெட்டியில் ஊருக்கான சேலைகள், அவற்றின் மேல் படகுக்கான ஸ்வெட்டர். என் கையெழுத்து இனி இந்த ஊர் முகப்பில் தொங்கும். அதைப் போட்ட ஆள் உயிரோடிருப்பதற்கான பதிவேடு திண்டுக்கல்லில் காத்திருக்கிறது. படகை நிறுத்தும் காற்று உண்டா என்று ஜன்னலைத் திறந்து துறைமுகத்துக் கொடிகளைப் பார்த்தேன். பிறகு பச்சைப் பேனாவைத் தேடி எடுத்து, உறையின் வலது மூலையில் முறைப்படி எழுதினேன்: பெறப்பட்டது, அக்டோபர் பதினேழு. காற்று இல்லை.