முளைக்காத முகம்

மாடி வீட்டு அக்கா ஒரு சாக்கில் வளர்த்த அந்த முகத்தை நினைத்தால் எனக்கு இன்றும் தூக்கம் போய்விடும். தொண்ணூறுகளில் நாங்கள் கல்பாக்கம் குடியிருப்பில் இருந்தோம். அக்கா பலகையில் ஈரச்சாக்கை இழுத்துக் கட்டி, சாணமும் களிமண்ணும் பூசி, விதைகளை அழுத்தி உருவம் வரைவாள். முளைத்ததும் யானை நிற்கும், மயில் ஆடும். பொங்கல் போட்டியில் பரிசு அவளுக்குத்தான். கோலம் போட்ட நாங்களெல்லாம் வயிறெரிய வேண்டியதுதான்.

அந்த வருஷம் அவள் வரைந்தது தன் வீட்டுக்காரரை. நாங்கள் அண்ணன் என்று கூப்பிடும் அவருக்குத் திடீரென்று நெஞ்சுவலி வந்து, சென்னைக்குக் கொண்டுபோய் ஆபரேஷன் செய்திருந்தார்கள். அவர் இன்னும் கண் திறக்கவில்லை. அக்காவுக்கு நிறைமாதம், போக முடியவில்லை. தலைமுடிக்குக் கடுகு, மீசைக்குக் கேழ்வரகு, முகத்துக்கு நெல் என்று விதைத்து, முளைப்பாரி போலக் கூடை கவிழ்த்து மூடினாள். "மூஞ்சி மொளைச்சிடுச்சின்னா அவுரு வந்துடுவாரு, பாரேன்" என்றாள். ஐயோ, இதில் போய் ஏன் பந்தயம் கட்டுகிறாள் என்று எனக்குப் பதறியது.

கடுகு முளைத்தது. கேழ்வரகும் முளைத்தது. நெல் மட்டும் அசையவே இல்லை. கூடையைத் தூக்கும்போதெல்லாம் முடியும் மீசையும் தளதளவென்று நிற்க, முகம் வெறும் மண்ணாய்க் கிடந்தது. அக்கா சோற்றைத் தொடவில்லை. "குளிருக்கு லேட்டாகுதுக்கா" என்று நான் என்னென்னவோ உளறினேன்.

மாற்றுத்துணி எடுத்துப்போக ஆஸ்பத்திரியிலிருந்து அவள் கொழுந்தன் வந்தான். வாசலில் அவனைக் கண்டதும் அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டாள். அவன் பார்வை பலகைமேல் விழுந்தது. நெல் கொண்டுவந்து கொடுத்தவனே அவன்தான்.

"இன்னா அண்ணி, இதையா வெதைச்சிகீறே? நீ பூசைக்குக் கேக்குறேன்னு நெனச்சி, அச்சரப்பாக்கம் மில்லுக் களத்துல காஞ்சிகினு இருந்ததை அள்ளியாந்தேன். புழுங்கலுக்கு அவிச்ச நெல்லு. அது எங்க மொளைக்கும்?"

எனக்குப் போன உயிர் வந்தது. அக்கா சிரித்தே விட்டாள். "அப்போ அவுருக்கு ஒண்ணும் ஆவலதானே?"

"அதுக்கும் இதுக்கும் இன்னா அண்ணி? அண்ணன் இன்னும் கண்ணு தொறக்கல."

அவள் சிரிப்பு அப்படியே நின்றது. "அப்போ நான் எதைப் பாத்துத் தெரிஞ்சிக்கிறது?" என்று கேட்டாள். அதுவரை நான் பட்டதெல்லாம் பயமே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

அண்ணன் பிழைத்து வந்தார். அடுத்த சில நாட்களில் மகளும் பிறந்தாள். இப்போது கூடுவாஞ்சேரியில் இருக்கிறார்கள். சமீபத்தில் போயிருந்தேன். மதியச் சாப்பாட்டுக்குப் பின் அண்ணன் நாற்காலியிலேயே தூங்கிப்போனார். என்னோடு பேசிக்கொண்டிருந்த அக்கா பாதியில் எழுந்துபோய், அவர் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்துவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தாள்.