ஒருநாளும் தவறாத மாத்திரை

திம்மப்பண்ணனைப் போல தகடு அடிக்கிற பவர் பிரஸ் ஓட்ட மூக்கண்டப்பள்ளிப் பட்டறைகளில் ஆள் கிடையாது. கூட வேலை பார்த்தவன் என்பதால் புளுகுகிறேன் என்று நினைக்காதீர்கள். இருபத்தாறு வருஷம் ஓட்டியும் பத்து விரலும் பத்திரமாக இருந்தன. எங்கள் தொழிலில் அதைவிடப் பெரிய சர்ட்டிபிகேட் இல்லை. அந்த மெஷினில் இரண்டு பட்டன். இரண்டு கையும் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் பிரஸ் இறங்கும். ஒரு கை பிந்தினாலும் அப்படியே நிற்கும்.

போன வருஷம் நிமோனியா வந்து ஐசியூவில் கிடந்தார். காய்ச்சல் உச்சத்தில் "ஆனெ பந்து, ஆனெ பந்து" என்று கன்னடத்தில் கத்தி, கையில் ஏறிக்கொண்டிருந்த டிரிப்ஸைப் பிடுங்கினார். யானை வந்துவிட்டதாம். யானைக்காட்டை ஒட்டிய சானமாவு ஊர்க்காரருக்குக் காய்ச்சலில் யானை வராமல் வேறென்ன வரும்? அடங்கியிருக்க ஒரு மாத்திரை கொடுத்தார்கள். அதில் நான் தப்பு சொல்லமாட்டேன். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது, யானையும் போய்விட்டது. மாத்திரை மட்டும் டிஸ்சார்ஜ் சீட்டில் ஏறி வீட்டுக்கு வந்தது. எத்தனை நாளைக்கு என்று எவரும் எழுதவில்லை.

எங்கள் பக்கத்து மெடிக்கலில் சீட்டெல்லாம் எதற்கு? காலி அட்டையைக் காட்டினால் போதும். அண்ணனின் மனைவி மாரம்மா அக்கா ஒரு அட்டை தீர்ந்ததும் அதையே காட்டி அடுத்ததை வாங்குவார். சாப்பிட்டு முடித்ததும் அண்ணன் கையில் வைத்து, விழுங்குகிற வரைக்கும் நின்று பார்ப்பார்.

வேலைக்குத் திரும்பிய அண்ணனின் முகம் மரத்துப்போயிருந்தது. காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்தார். எச்சில் ஒழுகுவதுகூடத் தெரியவில்லை. பட்டனில் வலது கை இறங்கும், இடது கை யோசித்துக்கொண்டு நிற்கும். "வயசாயிருச்சு," என்றான் சூப்பர்வைசர் சுரேந்தர். ஐம்பத்து மூன்று ஒரு வயசா? ஆனாலும் ஆமாம் போட்டோம், நானும்தான். பெருக்குகிற வேலையில் போட்டார்கள், பிறகு வீட்டுக்கே அனுப்பிவிட்டார்கள்.

மாத்திரை தொடங்கிப் பதினோரு மாதம் கழித்து அண்ணன் தடுக்கி விழுந்து மணிக்கட்டு பிசகியது. கிருஷ்ணகிரியில் ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனோம். அக்கா கொண்டுவந்திருந்த மாத்திரை அட்டையை அவர் திருப்பிப் பார்த்தார்.

"இது எதுக்குச் சாப்பிடறாரு?"

"ஆஸ்பத்திரில குடுத்ததுங்க. ஒருநாளும் தவற விட்டதில்லீங்க," என்றார் அக்கா. அந்தக் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"காய்ச்சல் விட்டதுமே நிறுத்தியிருக்கணும்மா. முகம் மரத்தது, எச்சில், நடை எல்லாம் இதாலதான். கொஞ்சம் கொஞ்சமா குறைச்சு நிறுத்திரலாம்."

நிறுத்தி மூன்று மாதம் ஆகிறது. நடை வந்துவிட்டது, முகத்தில் சிரிப்பும் வந்துவிட்டது. போன வாரம் அண்ணன் டிவி மேஜைமேல் இரண்டு உள்ளங்கையையும் ஒன்றாகத் தட்டிக் காட்டினார்.

"பாரு அப்பாஸு, ரெண்டும் ஒண்ணா இறங்குது. சுரேந்தர்கிட்ட சொல்லு."

சொன்னேன். "மூளைக்கு மாத்திரை சாப்பிட்ட ஆளை மெஷின்ல விட முடியாதுங்க பாய்," என்றான். அந்த மெஷினில் ஏற்கெனவே வேறு ஆள் நிற்கிறான்.

அண்ணனிடம் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அக்காவிடம்தான் சொன்னேன். நேற்று நான் போனபோது அண்ணனுக்குத் தலைவலி. அக்கா ஒரு தலைவலி மாத்திரையை எடுத்து வந்து என் கையில் வைத்தார்.

"நீயே குடுத்துருப்பா," என்றார்.