காத்து புகுந்த விறகு மெஷின்

போன வருஷ மழைக்காலத்தில் ஒருநாள், சிங்கப்பூர் தோ பாயோவில் அடுக்குமாடி வீடுகளுக்காக நிலத்தை மேடாக்கும் இடத்துக்குப் பக்கத்தில் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். மண் லாரி ஒன்று பின்பக்கமாக வந்து நின்றது. அதன் வயிற்றுக்கடியிலிருந்து வழவழவென்று ஓர் இரும்புத் தண்டு நீண்டது. பின்தொட்டி நிமிர்ந்து அவ்வளவு மண்ணும் அப்படியே சரிந்தது. எனக்கு ஒரு பொறி தட்டியது. இத்தனை பாரத்தைத் தூக்குகிற தண்டு, படுக்கவைத்தால் ஒரு கட்டையைப் பிளக்காதா? பஸ் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை.

கட்டை ஞாபகம் வந்ததற்குக் காரணம் என் அத்தான். அக்காவைக் கட்டியவர். ஜாலான் புசார் சந்து ஒன்றில் விறகுக் கடை, பின்கட்டில் எங்கள் வீடு. தேக்கா பக்கத்துச் சாப்பாட்டுக் கடைகள் பலவற்றில் எரிவது அவர் பிளந்த விறகுதான். கோடாலி ஓங்கி ஓங்கி இடது தோள் கெட்டுப்போய், இனி ஓங்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மிச்சமிருந்த வலது கையை நம்பித்தான் குடும்பம். நானோ சீனியர் கேம்பிரிட்ஜ் முடிவு வரும்வரை வேலையில்லாமல், வீட்டுக் கடிகாரத்தைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன்.

சுங்கை ரோடு பழைய சாமான் கடைகளில் அலைந்து, உறையோடு ஒரு லாரித் தண்டு, அந்த உறைக்குள் எண்ணெயைத் தள்ளித் தண்டை நீட்டும் பம்பு, ஒரு சின்ன டீசல் இன்ஜின் எல்லாம் சேர்த்தேன். தண்டவாளத் துண்டு ஒன்றின் மேல் தண்டைப் படுக்கவைத்து, நுனியில் கோடாலி மாதிரி ஓர் ஆப்பை வெல்டிங் பண்ணினேன். ஒரு கைப்பிடி. முன்னால் தள்ளினால் ஆப்பு போகும், நடுவில் வைத்தால் நிற்கும், பின்னால் இழுத்தால் திரும்பும்.

"என்னா மாப்ளே, கப்பலா கட்டுற?" என்று அத்தான் கேலி செய்தார். ஆனாலும் ராத்திரி சாப்பாட்டில் எனக்கு மட்டும் ஒரு மீன் துண்டு அதிகம் விழுந்தது.

முதல் நாள் ரப்பர் கட்டைகள் படபடவென்று பிளந்தன. அப்புறம்தான் தோ பாயோவிலிருந்து தெம்புசு என்கிற கெட்டி மரத்தின் லோடு வந்து இறங்கியது. பழைய புதைகுழிகளைத் தோண்டி எடுத்த மேட்டில் நின்ற மரம் என்று லாரிக்காரன் சொல்லிவிட்டுப் போனான். சொல்லாமலே போயிருக்கலாம்.

முதல் தெம்புசு கட்டையை வைத்தேன். ஆப்பு இரண்டு விரல் ஆழம் இறங்கி அப்படியே நின்றது. பம்பிலிருந்து ஒரு சத்தம் கிளம்பியது. இரும்பு அரைபடும் சத்தம் என்றால் பரவாயில்லை. இது யாரோ வாயை மூடிக்கொண்டு அழுகிற மாதிரி, ஏறி, இறங்கி, மறுபடி ஏறி. கடையில் விறகு அடுக்கும் வேலைக்கார அண்ணன் கையிலிருந்த கட்டையைக் கீழே போட்டார்.

நான் விடவில்லை. இன்ஜின் பெல்ட் வழுக்குகிறதா? இல்லை. எண்ணெய் குறைவா? இல்லை. அழுத்தம் மிஞ்சினால் எண்ணெயைத் திருப்பிவிடும் வால்வின் ஸ்பிரிங் தளர்ந்திருக்குமோ என்று அதை முறுக்கினேன். அழுகை கூடியதே தவிர பலம் கூடவில்லை. எண்ணெய்ச் சல்லடையைக் கழற்றிக் கழுவினேன். ஊஹூம். ஒரு சொட்டு எண்ணெய்கூட எங்கும் வெளியே ஒழுகவில்லை. கடைசியில் எண்ணெய்த் தொட்டியின் மூடியைத் திறந்தேன். உள்ளே எண்ணெய் எண்ணெயாக இல்லை. இழுத்து ஆற்றிய தே தாரிக் டீ மாதிரி நுரைத்து, வெளுத்து, மெதுவாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

சந்தோஷத்தில் கத்தினேன்: "அக்கா! உள்ள காத்து புகுந்துடுச்சு!"

பள்ளிக்கூடத் தமிழில் 'காற்று' என்று சொல்லியிருந்தால் அவள் பாட்டுக்கு அரிசி களைந்திருப்பாள். காத்து என்றால் அவளுக்குக் காத்து கருப்பு. அதுவும் புதைகுழி மேட்டு மரம். முகம் வெளுத்துவிட்டது.

"நான் அப்பவே நெனச்சேன்டா. அது பொம்பள அழுற சத்தம்."

"ஐயோ அக்கா, அது வெறும் காத்து லா. நாம மூச்சு விடுற காத்து!"

"மூச்சு விடுதுன்னு நீயே சொல்ற!"

மறுநாள் விறகு அடுக்கும் அண்ணனுக்குக் காய்ச்சல் என்று தகவல் வந்தது.

அன்று மத்தியானமே வானம் கறுத்துவிட்டது. சந்தில் விளக்கு போட வேண்டியிருந்தது. இன்னொரு தடவை ஓட்டிப் பார்ப்போம் என்று அதே கட்டையை வைத்தேன். அழுகை கிளம்பியது, ஆப்பு இறங்கியது, நின்றது. கைப்பிடியை நடுவில் வைத்துவிட்டு இன்ஜினை அணைத்தேன். தகரக் கூரையில் மழை தொடங்கவில்லை. அப்படியொரு அமைதி.

"சனியன் புடிச்ச கட்டை. நான் புடுங்குறேன்," என்று அத்தான் வலது கையை நீட்டிக்கொண்டு போனார்.

அக்கா பாய்ந்து அவர் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்தாள். "ஏங்க, எலுமிச்சம்பழம் சுத்தாம அதுல கை வைக்காதீங்க!"

"விடுடி! இன்ஜின் அணைஞ்சு கெடக்கு, அது என்னா பண்ணும்?"

"கை வச்சா நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன்."

"அவங்க நாகப்பட்டினத்துல இருக்காங்க. நீந்தியா போவ?"

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் கட்டைக்குள் 'நெ…ரி…க்' என்று ஒரு சத்தம். மூன்று பேரும் திரும்பினோம். இன்ஜின் அணைந்திருந்தது. கைப்பிடியை யாரும் தொடவில்லை. ஆனால் எங்கள் கண்ணெதிரே அந்தத் தண்டு நகர்ந்தது. அவசரமேயில்லாமல், தூங்கி எழுந்தவன் காலை நீட்டுகிற மாதிரி, ஓர் அங்குலம். இன்னும் கொஞ்சம். கட்டை முனகியது. பிறகு துப்பாக்கி வெடித்தாற்போல் பிளந்து, ஒரு பாதி பறந்துபோய்ச் சுவரில் மோதிக் காரையைப் பெயர்த்தது. ஆப்பு ஒரே பாய்ச்சலில் அந்தப் பக்கத்து இரும்புத் தகட்டில் முட்டி நின்றது. அத்தான் கை வைக்கப் போன இடம் அதுதான்.

அவர் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் படித்த விஞ்ஞானம் எதுவும் அந்த நிமிஷம் எனக்குத் துணைக்கு வரவில்லை. அக்கா மட்டும்தான் பேசினாள். "பாத்தீங்கள்ல?"

பயம் தெளிந்த பிறகு, சைக்கிள் பம்பு நினைவுக்கு வந்தது. வாயை விரலால் அடைத்து அழுத்தினால் கைப்பிடி திருப்பி எகிறும் அல்லவா? எண்ணெய் சுருங்காது, காற்று சுருங்கும். கைப்பிடியை நடுவில் வைத்ததில் உறைக்குள்ளேயே அடைபட்டு நசுங்கிக் கிடந்த காற்று, இன்ஜின் அணைந்த பிறகும் கட்டையைத் தள்ளிக்கொண்டே இருந்திருக்கிறது. கட்டை விட்டுக்கொடுத்ததும் பாய்ந்துவிட்டது.

சரி, எந்த வழியாகப் புகுந்தது? தொட்டியிலிருந்து பம்புக்கு எண்ணெய் உறிஞ்சும் ரப்பர் குழாயின் மேல்தான் எனக்குச் சந்தேகம். உறிஞ்சும் பக்கத்தில் ஓட்டை இருந்தால் எண்ணெய் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். கட்டை வைக்காமல் இன்ஜினை ஓட்டி, எல்லாரையும் தூர நிறுத்திவிட்டு, குழாயின் இணைப்பில் எண்ணெய் ஊற்றினேன். ஓட்டை காற்றுக்குப் பதில் எண்ணெயை உறிஞ்ச, அழுகை சட்டென்று நின்றது. எண்ணெய் வடிந்து முடிந்ததும் மெதுவாக மறுபடி ஆரம்பித்தது. ஊற்றினால் அடங்குகிறது, வடிந்தால் அழுகிறது. அக்கா தூரத்திலிருந்து கன்னத்தில் போட்டுக்கொண்டாள். வெயிலில் இறுகி வெடித்த குழாய். அதை இறுக்கிப் பிடிக்கும் கவ்வியும் தளர்ந்திருந்தது.

புதுக் குழாய் போட்டு, தண்டைச் சுமையில்லாமல் முன்னும் பின்னும் பலமுறை ஓட்டி, காற்றையெல்லாம் வெளியேற்றினேன். முறுக்கிய ஸ்பிரிங்கைப் பழைய நிலைக்குத் தளர்த்தினேன். நுரை அடங்கியது. தெம்புசு கட்டை வெண்டைக்காய் மாதிரி பிளந்தது. இப்போது அத்தான் ஒரு கையால் கைப்பிடியைத் தள்ளிக்கொண்டே மறு கையால் சுருட்டுப் பிடிக்கிறார்.

அன்று நடந்ததை அக்காவுக்கு விளக்கிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். "ஆக, உள்ள காத்து இருந்துச்சு. அதான நானும் சொன்னேன்? உன் காத்தோ என் காத்தோ, அவர் கை இருக்குல்ல. போய்க் குளி," என்றாள்.

இப்போதும் இன்ஜினை அணைத்தால் உடனே கிட்டே போவதில்லை. நின்று காது கொடுத்துக் கேட்கிறேன். ஆனால் காதை மட்டும் நம்பிக் கையை நீட்டுவது போதாது. உறைக்குள் அடைபட்ட அழுத்தத்தைத் தொட்டிக்கே திருப்பிவிட ஒரு சிறு குழாய்த் திருகு, இரண்டு கையாலும் பிடித்தால்தான் ஓடும் இரட்டைக் கைப்பிடி, இரண்டையும் வரைந்து வைத்திருக்கிறேன். சுருட்டுக்கு ஏது கை என்று அத்தான் சண்டைக்கு வருவார். வரட்டும். மெஷின் நின்றுவிட்டது என்பதற்காக அதற்குள் இருப்பதும் நின்றுவிட்டதாக அர்த்தமில்லை என்று தெரிந்த பிறகு, வருகிற ஞாயிற்றுக்கிழமை நான் செய்ய வேண்டிய வேலை அதுதான்.