மேல்பல்லை எங்கே வைப்பது?

பியானோ வாத்தியாருக்கு மாணவரின் பத்து விரல் போதும். ஊதுகிற வாத்தியம் சொல்லித்தருகிற எனக்கோ அவருடைய உதடு, பல், மூச்சு, அன்று காலையில் சாப்பிட்ட நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோறு வரை எல்லாவற்றோடும் மல்லுக்கட்ட வேண்டும். சுங்கைப் பட்டாணியில் ஒரு கடைவீட்டு மாடியில் ஃபுளூட், கிளாரினெட், சாக்ஸபோன் மூன்றும் தனி வகுப்பாக நடத்துகிறேன். நாலு பேருக்கு எதையாவது சொல்லிக்கொடுத்துத் தொண்டை வறண்டுபோன சகோதர சகோதரிகளே, உங்களுக்குத்தான் இதெல்லாம் புரியும்.

முதல் நாள் சுரவரிசை என் வகுப்பில் கிடையாது. "எந்தப் பாட்டை ஊத ஆசை?" என்று கேட்பேன். அந்தப் பாட்டுக்கு என்ன வேண்டுமோ அதுதான் பாடம். பக்கத்து அறையில் பியானோ சொல்லித்தரும் சாந்திக்கு இது அறவே பிடிக்காது.

"நீ கிளாஸ் நடத்துறியா, இல்ல சாப்பாட்டுக் கடையில ஆர்டர் எடுக்குறியா?"

விரதம்

சரவணன் யான் என்கிற ஊர்ப் பக்கம் நெல் அறுவடை இயந்திரம் ஓட்டுகிறவர். தைப்பூசத்துக்குக் காவடி எடுக்க விரதம் இருந்த சமயம், ஃபுளூட்டை மேசையில் வைத்துவிட்டுத் தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டார். துளைகளை மூடும் மெத்தைகள் மாட்டுக் குடலின் சவ்வால் செய்தவை என்று கைப்பேசியில் படித்துவிட்டாராம். படித்தது பொய்யில்லை. அவருடையது பழைய வாத்தியம், அதில் அப்படித்தான் இருந்திருக்கும். விரதம் அவருடையது, அதில் நான் வாதாட என்ன இருக்கிறது?

ஃபுளூட்டை மூன்று துண்டாகக் கழற்றலாம். வாய் வைத்து ஊதும் தலைத்துண்டில் மெத்தையே கிடையாது. தைப்பூசம் வரைக்கும் அதை மட்டும் ஊதுவோம் என்றேன். விரலுக்கு வேலை இல்லாததால் கவனம் முழுக்க மூச்சுக்குப் போனது. மாதக்கணக்காக இஸ்ஸென்று இரைந்துகொண்டிருந்த சத்தம் தெளிந்து வந்தது. எனக்கு அளவில்லாத சந்தோஷம். காவடி எடுத்துவிட்டு மொட்டைத் தலையோடு வந்தவர் மூன்று துண்டையும் பூட்டி ஊதினார். மறுபடி அதே இரைச்சல்.

"டீச்சர், இனிமேலும் தலையை மட்டும் ஊதவா? மத்த ரெண்டும் சேந்தாத்தான் கெட்டுப்போகுது லா."

கடிகாரம் வேண்டாம்

ராஜேஸ்வரி அக்கா கையுறைத் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். ஓய்வு பெறப் போகிற வருடத்தில் என்னிடம் வந்தார். கூடவே கணவர் மாரியப்பன் அண்ணன். வாசலிலேயே நின்றுகொண்டு, "இந்த வயசுல இதெல்லாம் தேவையா, நீங்களே சொல்லுங்க டீச்சர்" என்று என்னைக் கட்சி சேர்க்கப் பார்த்தார். நான் அக்காவுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

அக்காவுக்குத் தெளிவான திட்டம் இருந்தது. தொழிற்சாலையின் ஆண்டு விருந்தில் ஓய்வு பெறுகிறவர்களை மேடைக்குக் கூப்பிடுவார்கள். சுவர்க்கடிகாரம் கொடுத்துப் படம் எடுத்து இறக்கிவிடுவார்கள். அதற்குப் பிறகு இரவு முழுக்க மைக் மேலாளர் கையில்தான். அவர் பாடி முடிக்க மாட்டார். அந்த மேடையில் அக்கா சாக்ஸபோனில் ஒரு பழைய படப்பாட்டு வாசிக்க வேண்டும். நிகழ்ச்சி நிரலில் பெயரையும் முன்கூட்டியே கொடுத்துவிட்டார். அதுவரை சாக்ஸபோனைக் கையால் தொட்டதுகூட இல்லை.

"எத்தனையோ வருசமா அந்த ஆளு பாடுறத உக்காந்து கேட்டேன் டீச்சர். ஒரு அஞ்சு நிமிசம் அவர் என்னைக் கேக்கட்டும்."

காடிக்குள் வகுப்பு

வீட்டில் ஊத முடியவில்லை. பக்கத்து வீட்டில் கைக்குழந்தை. அக்கா தன் காரை, எங்கள் ஊர்ப் பேச்சில் காடியை, எடுத்துக்கொண்டு மெர்போக் பக்கம் போய், செம்பனைத் தோட்டத்து மரங்களுக்கு நடுவே நிறுத்தி, கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பழகினார். என் அறையில் பூனை மாதிரி ஊதுகிறவர் காடிக்குள் எப்படி ஊதுகிறார் என்று பார்க்க ஒருநாள் நானும் போனேன். ஓட்டுநர் இருக்கையில் ஸ்டீயரிங் இடிக்கும். அதனால் அவர் பக்கத்து இருக்கையைப் பின்னுக்குத் தள்ளி உட்கார்ந்தார், நான் பின்னால் முழங்காலை மடக்கி உட்கார்ந்தேன். ஊதினார் பாருங்கள், கண்ணாடியெல்லாம் அதிர்ந்தது. சத்தம் பெரிதாக வந்தால் யாராவது திட்டுவார்கள் என்ற பயம் அங்கே அவருக்கு இல்லை. அன்றிலிருந்து வகுப்பையே காடிக்கு மாற்றிவிட்டேன்.

இரண்டாவது வாரம் கண்ணாடியில் யாரோ தட்டினார்கள். தோட்டத்துக் காவலுக்கு இருக்கும் ஜாகா. கையில் கம்பும் கயிறும்.

"கன்னுக்குட்டி கத்துதேன்னு தேடி வந்தேங்க்கா. பரவால்ல, நீங்க முடிச்சிட்டே போங்க."

பல்செட்டு

பாட்டு பாதிக்கு மேல் வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து அக்காவின் ஈறு வீங்கி, மேல்வரிசை முன்பற்களைப் பிடுங்க வேண்டியதாகிவிட்டது. புண் ஆறியதும் பல்செட்டு மாட்டிக்கொண்டு வந்தார். சாக்ஸபோனில் மேல்பல்லை ஊதுவாயின் மேல் ஊன்ற வேண்டும், கீழுதட்டை மட்டும் மடிக்க வேண்டும். நான் படித்தது அது, எல்லாருக்கும் சொன்னதும் அது. அக்கா ஊன்றினார். செட்டு ஆடியது. பாட்டுக்குச் சம்பந்தமில்லாமல் வாய்க்குள் ஒரு தாளம் கேட்டது, பின்னாலேயே ஒரு கிறீச்.

அன்று வீட்டுக்குப் போய் என் மேலுதட்டையும் பல்லுக்கு மேல் மடித்துக்கொண்டு நானே ஊதிப் பார்த்தேன். அப்படி ஊதுகிறவர்களும் உண்டு என்று கேள்விப்பட்டிருந்தேன், பழகியதில்லை. உதடு எரிந்தது, ஆனால் சத்தம் வந்தது. அக்காவிடம் சொன்னேன். செட்டைக் கழற்றி, இரண்டு உதட்டையும் மடித்து ஊதினார். முன்பைவிட மென்மையான, நல்ல சத்தம். நான் துள்ளிக் குதிக்காத குறை. அக்கா மட்டும் வாயைக் கையால் மூடிக்கொண்டார்.

"இந்தக் காடிக்குள்ள சரி டீச்சர். ஆயிரம் பேரு முன்னால பொக்கை வாயோட எப்புடி நிப்பேன்?"

சாந்தியின் தீர்ப்பு

இரண்டு விதமாகவும் பழகுவோம், எப்படி ஊதுவது என்பதை அன்றைக்கு நீங்களே முடிவு செய்யுங்கள் என்றேன். செட்டோடு ஊதினால் அழகாக இருந்தார், அங்கங்கே கிறீச்சிட்டது. இல்லாமல் ஊதினால் கேட்க நன்றாக இருந்தது, அவருக்கு அழுகை வந்தது. எனக்கும் பயம்தான்; பெயர் அச்சாகிவிட்ட நிகழ்ச்சியில் அவர் சிரிப்புக்கு ஆளானால் அந்தக் கடிகாரமே மேல் என்று ஆகிவிடும். விஷயத்தைச் சாந்தியிடம் சொன்னேன். ஒரு வழியைச் சொல்லி அதை மட்டும் கண்டிப்பாகப் பழக்குவதுதான் ஆசிரியர் வேலை என்றாள்.

"பல்லைக்கூட ஸ்டூடண்ட் இஷ்டத்துக்கு விடுற டீச்சரை இப்பத்தான் பாக்குறேன்."

விருந்து

விருந்து மண்டபத்தில் மாரியப்பன் அண்ணனுக்குப் பக்கத்தில், மேடைக்கு முன் மேசையில் எனக்கு இடம். அக்கா பட்டுச்சேலையில் ஏறினார், செட்டோடு. முதல் வரியிலேயே கிறீச். பின்னால் ஒரு மேசை சிரித்தது. இன்னொரு முறை ஊதினார், இன்னொரு கிறீச். மேலாளர் மைக்கை நோக்கி எழுந்தார். உதவிக்கு மேடை ஏறலாமா என்று நான் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன்.

அக்கா யாரையும் பார்க்கவில்லை. திரும்பி நின்று பல்செட்டைக் கழற்றினார், கைக்குட்டையில் சுற்றினார். மேடை ஓரத்துக்கு வந்து குனிந்து, கணவரின் கையில் அதை வைத்தார். அண்ணன் முகம் வெளுத்துப் போனது. அக்கா நடுவுக்குப் போய், ஆயிரம் பேரையும் பார்த்துப் பொக்கை வாயால் ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு, இரண்டு உதட்டையும் மடித்து ஊதினார். முழுப் பாட்டு. காடிக்குள் ஊதுகிற அதே சத்தம். பின்மேசைப் பெண்கள் எழுந்து நின்றார்கள், மேலாளர் உட்கார்ந்துவிட்டார். எனக்குக் கண்ணீர் வந்ததைச் சொல்லிக்கொள்வதில் வெட்கமில்லை.

மண்டபமே எழுந்து கைதட்டியது. அண்ணன் மட்டும் இரண்டு உள்ளங்கையையும் கிண்ணம் மாதிரி குவித்துப் பிடித்தபடி, கண் கலங்க என் பக்கம் திரும்பினார்.

"டீச்சர், எனக்கும் சேத்து நீங்க தட்டுங்க லா. கையில பல்லு இருக்கு."

நான் சொல்லிக்கொடுத்துக் கற்றுக்கொண்டது இவ்வளவுதான்: வாத்தியங்களை எல்லாருக்கும் ஒரே அளவில் செய்து அனுப்புகிறார்கள், வாய்களைத்தான் கடவுள் தன் இஷ்டத்துக்குச் செய்து என் வகுப்புக்கு அனுப்பி வைக்கிறார்.